மண் கக்கிய மட்டி

கொஞ்சம் காலைத் தள்ளி வெச்சுக்கம்மா. கீழ பெட்டி இருக்கு. பயப்படாதே, மீன் இல்ல. நாத்தம் ஏதாவது வருதா? வராது. ஏறும்போது அந்தக் கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கிட்டான் பாத்தியா? மீன் பெட்டியெல்லாம் கடைசி சீட்டுக்குப் பின்னாடி வையின்னான். இது மீன் பெட்டி இல்லப்பா, சர்க்கார் சாம்பிள்னேன். சாம்பிளோ சாம்பாரோ பின்னாடி வையிங்கிறான். முடியாதுன்னுட்டேன். பின்னாடி போட்டா பள்ளத்துக்குப் பள்ளம் தூக்கிப் போடும். உள்ள அஞ்சு பாட்டில் தண்ணி, அஞ்சு பை மட்டி. சிப்பி மாதிரி ஓட்டுக்குள்ள சதை இருக்குமே, அது. ஒண்ணு கொட்டுச்சுன்னாலும் எங்க ஊரு பொழப்பே கொட்டிப் போயிடும்.

என்ன, சிரிக்கிறே? நெசமாத்தான் சொல்றேன்.

ஏன் நிக்குது வண்டி? ரயில்வே கேட்டா? அய்யய்யோ, போட்டுட்டானா! இந்தக் கேட்டு போட்டான்னா லேசுல தெறக்க மாட்டான். கூட்ஸ் வண்டி ஒண்ணு போகும், தெறப்பான்னு பாத்தா எதிர்ல இன்னொண்ணு வரும். மணி என்னம்மா? ரெண்டரையா? நாலு மணிக்குள்ள நான் லேப்புல இருக்கணும். காலையில பத்து மணிக்கு மொண்ட தண்ணி. ஆறு மணி நேரம்தான் கெடு. அது தாண்டிடுச்சுன்னா கிருமி தானா பெருகிடுமாம். அப்புறம் அது எங்க ஊரு உப்பங்கழியில இருந்த கிருமியா, பாட்டில்ல பொறந்த கிருமியான்னு ஒருத்தருக்கும் தெரியாதாம். தண்ணி சோதிக்கிற ஆபீசர் கோமதிநாயகம் சாரு சொன்னது. ஐஸ் கரையக் கூடாது, வெயில் படக் கூடாது, ஆறு மணி நேரம் தாண்டக் கூடாது. மூணும் எனக்கு மனப்பாடம். இது பன்னண்டாவது மாசம்மா. கடைசி மாசம்.

வெள்ளரிப் பிஞ்சு வேணுமா? நானும் வேணாம்னுதான் இருக்கேன். பெட்டியக் குடுத்தப்புறம்தான் வாயில எதுவும் வெப்பேன்.

எம்பேரு எத்திராசம்மா. ஊரு மேட்டுக்கழிக்குப்பம். நீ கேள்விப்பட்டிருக்க மாட்டே. ஆறு கடல்ல வந்து விழற எடம், உப்பங்கழி. ஆம்பளைங்க கடலுக்குப் போவாங்க, பொம்பளைங்க கழியில மட்டி பொறுக்குவோம். எண்பது பொம்பளைங்க. தண்ணி வத்தற நேரம் பாத்து இடுப்பளவுத் தண்ணியில எறங்கி உக்காந்துக்குவோம். கையும் காலும் சேத்துல தடவிக்கிட்டே போகும், கூடை இடுப்புல மெதந்துக்கிட்டே வரும். படகு வேணாம், வலை வேணாம், ஆம்பளையே வேணாம். புருஷன் குடிச்சாலும் சரி, ஓடிப் போனாலும் சரி, கழியில எறங்கினா அன்னிக்கு அடுப்பு எரியும். எம்புருஷன் ரெண்டும் பண்ணான். நான் ஒரு நாள் பட்டினி கெடந்ததில்ல.

அந்தக் கழியத்தான் மூடிட்டாங்க. ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. 'இங்கு மட்டி எடுக்கத் தடை'ன்னு பெரிய போர்டு. கழியைச் சுத்திக் கதவா போட முடியும்? போர்டு போட்டாங்க. ஆனா போர்டு போட்டதும் வியாபாரிங்க வரல. வாங்க ஆள் இல்லன்னா பொறுக்கி என்ன பண்றது.

ஏன் மூடினாங்களா? அது ஒரு காது குத்து. டவுன்ல ஒரு பெரிய வீட்டுல காது குத்து விருந்து, எங்க ஊர் மட்டிதான் வறுவல். எங்க ஊர் மட்டின்னா தனி கிராக்கி, தெரியுமா. ஏன்னு கேளு. மண்ணு கடிக்காது. மட்டி சேத்துல வாழற ஜீவன், வயித்துல மண்ணு இல்லாம இருக்குமா? அதைக் கக்க வெக்கணும். பொறுக்கிட்டு வந்ததும் உப்புத் தண்ணியில போட்டு, மேல சாக்கைப் போட்டு இருட்டாக்கி, ராவு பூரா ஊற விடணும். வாயத் தெறந்து மூச்சு விட்டு விட்டு மண்ணையெல்லாம் துப்பிடும். காலையில பாத்தா அடியில அரைப்படி மண்ணு நிக்கும். மத்த ஊர்ல பொறுக்கினதும் அப்படியே கூடையோட சந்தைக்குப் போவாளுங்க. நாங்க போக மாட்டோம். எங்க ஊர்ல புதுசா வாக்கப்பட்டு வந்தவ மொதமொத மட்டி ஆக்கிப் போடறப்போ மாமியாக்காரி ஒரு வாய் வெச்சுப் பாப்பா. நறுக்குன்னு மண்ணு கடிச்சுது, தீந்துச்சு, சாகற வரைக்கும் சொல்லிக் காட்டுவா. எனக்கும் ஒரு தடவை கடிச்சுது. அதுக்கப்புறம் கடிக்க விட்டதில்ல.

அந்த விருந்துல அறுபது பேருக்கு வாந்தி, வயித்தால. ரெண்டு பேருக்கு குளுக்கோஸ் ஏத்தியும் நிக்கல, பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. பொழைச்சிக்கிட்டாங்க, சாமி புண்ணியம். டெஸ்ட் எடுத்துட்டு மட்டியில மனுஷ மலத்துக் கிருமி இருக்குன்னுட்டாங்க. மட்டிய ரொம்ப வேக வெக்க மாட்டாங்கம்மா, வாய் தொறந்ததும் எறக்கிடுவாங்க, இல்லன்னா ரப்பர் மாதிரி ஆயிடும். அதனால கிருமி சாகலையாம்.

எங்களுக்கு ஒண்ணும் ஆகல. நாங்களும் அதே மட்டியத்தான் தின்னோம். புள்ளைங்களுக்கு வயித்தால போச்சுதான். அது எப்பவும் போறதுதானே.

யார் பண்ண வேலைன்னு எங்களுக்குத் தெரியாதா? லாரிம்மா. டவுன்ல லாட்ஜுங்க, கல்யாண மண்டபமுங்க, அங்கல்லாம் கக்கூஸ் தொட்டிய உறிஞ்சிக்கிட்டு வர்ற லாரி. கொட்ட எடம் இல்லாம ஆத்துப் பாலத்துக்கிட்ட கொட்டிட்டுப் போறான்னு எங்களுக்கு ரொம்ப நாளா சந்தேகம். எண்பது பேரும் பாலத்துல போய் உக்காந்தோம். ஒருத்தன் மாட்டினான். சின்ன வயசு. நான் இன்னிக்குத்தான் மொதல் தடவை வரேன், இன்னும் கொட்டவே இல்லன்னு கையெடுத்துக் கும்பிட்டான். மாட்டினவன் எவன்தான் ஆமான்னு சொல்லுவான்? ஆளாளுக்கு சாத்தினாங்க. நானும் கூடையால ஒரு அடி வெச்சேன். ஒரே அடிதான். அவனுக்கு ஒரு பக்கத்துக் காது கேக்காம போயிடுச்சுன்னு அப்புறம் சொன்னாங்க. கேஸாகி, அதோட லாரி வர்றது நின்னு போச்சு.

எங்க ஊர்ல அந்த மாதிரி அசிங்கமே கெடையாதும்மா. அந்தத் தை மாசம்தான் வீட்டுக்கு வீடு கக்கூஸ் கட்டிக் குடுத்திருந்தாங்க. வெள்ளை டைல்ஸு, பைப்பு, கதவுக்குத் தாப்பா. விடியறதுக்குள்ள சவுக்குத் தோப்புக்கு ஓடி, பாம்புக்கும் பயந்து, போற வர்றவன் டார்ச் லைட்டுக்கும் பயந்த காலமெல்லாம் போச்சு. அப்படி நாங்க சுத்தமா ஆன வருஷம் பாத்து ஊரான் வந்து எங்க கழியில கொட்டறான்னா வயிறு எரியுமா எரியாதா?

போகுது பாரு கூட்ஸு. ஒண்ணு ரெண்டு எண்ணிக்கிட்டே இருக்கலாம், முடியவே முடியாது.

மூடி ஒரு வருஷம் எவனும் எட்டிப் பாக்கல. அப்புறம்தான் இந்தக் கோமதிநாயகம் சாரு வந்தாரு. ஒல்லியா, எந்நேரமும் இருமிக்கிட்டு. தெக்கத்திக்காரரு, திருநெல்வேலிப் பேச்சு. தண்ணிய மாசா மாசம் சோதிச்சுப் பாத்து, சுத்தமாயிடுச்சுன்னு காட்டினா தெறக்கச் சொல்லி எழுதலாம்னாரு. ஆறு மாவட்டத்துக்கு அவரு ஒருத்தரு. உங்க ஊர்ல ஒருத்தரு சாம்பிள் எடுத்துக் குடுக்கணும்னாரு. பாலத்துல நான் போட்ட சத்தம் ஊரே கேட்டிருந்துச்சே, எல்லாரும் என்னையக் கை காட்டிட்டாங்க.

ஒரு நாள் பூரா சொல்லிக் குடுத்தாரு. மட்டித்திட்டுல அஞ்சு சவுக்குக் கம்பு நட்டு, செவப்புத் துணி கட்டி, நம்பர் போட்டாரு. கை உறை மாட்டணும். பாட்டில் மூடியைத் தண்ணிக்குள்ள போறப்பதான் தெறக்கணும். பாட்டில் வாய் தண்ணி ஓட்டத்தைப் பாத்து இருக்கணும், முழங்கை ஆழத்துல மொள்ளணும். மூடியைக் கீழ வெக்கக் கூடாது, உள்பக்கம் விரல் படக் கூடாது. கம்புக்கு இருவது மட்டி எடுத்து, மேல ஒட்டின சேத்தை அங்கயே அலசி, பையில போட்டு உடனே ஐஸ்ல வெக்கணும். எம்பேரு எழுதத் தெரியும், நம்பர் எழுதத் தெரியும். அது போதும்னாரு. இந்தப் பாரு, பை மேல நான் எழுதினதுதான். மூணாம் நம்பர் கொஞ்சம் வளைஞ்சிருக்கும்.

மாசா மாசம் பஸ் ஸ்டாப்புக்கே வந்துடுவாரு, பெட்டிய வாங்க. வாங்கறதுக்கு முன்ன ஒரே ஒரு கேள்வி கேப்பாரு. "எத்திராசம்மா, சொன்ன மாதிரியே செஞ்சீங்களா?" அவ்வளவுதான். நான் சொல்லுவேன், "சொன்னதுக்கு மேலயே செஞ்சிருக்கேன் சார்." சிரிப்பாரு.

சட்டம் என்னன்னா, வருஷத்துல ரெண்டு மாசமாவது தண்ணியும் தேறணும், மட்டிச் சதையும் தேறணும். ரெண்டும் ஒரே மாசத்துல. மொத மாசம், ஆவணி, ரெண்டுமே தேறிடுச்சு! ஊரே கூடிப் போச்சு. இன்னும் ஒண்ணே ஒண்ணு. அடுத்த மாசமே தெறந்துடுவாங்கன்னு கூடைய எல்லாம் எடுத்துப் பின்னிக் கட்டினோம்.

அங்கதான் கண்ணு பட்டுடுச்சு. புரட்டாசியில தண்ணி தேறுச்சு, சதை தேறல. ஐப்பசி, அதே. கார்த்திகை, அதே. அப்படியே பதினோரு மாசம் வரைக்கும். தண்ணி பளிங்கு மாதிரி இருக்கு, மட்டியில மட்டும் கிருமி. சாரே தலையைப் புடிச்சிக்கிட்டாரு. ஐஸை மாத்தினாரு, பையை மாத்தினாரு, கம்பை எல்லாம் தள்ளித் தள்ளி நட்டுப் பாத்தாரு. படகுல வந்து சுத்துப்பட்ட தண்ணியெல்லாம் மொண்டு பாத்தாரு. ஒண்ணுமில்ல. ஒரு தடவை லேப்புல மட்டியப் பொளந்து பாக்கற பொண்ணு, சாம்பிள் எடுக்கிறவங்க சரியா எடுக்கறாங்களான்னு இழுத்தா. சாருக்கு வந்துச்சே கோவம்! "அந்த அம்மா எடுக்கிறதுல தப்பு இருக்காது. அவங்களை எனக்குத் தெரியும்"னுட்டாரு. எம்முன்னாடியே. கண்ணுல தண்ணி வந்துடுச்சும்மா எனக்கு. எங்கப்பன்கூட என்னைய அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்ல.

குணபூசணின்னு எனக்கு ஒரு சிநேகிதி. சின்ன வயசுலேருந்து பக்கத்துப் பக்கத்துல உக்காந்து பொறுக்கினவங்க நாங்க. அவ கழி மூடினதும் எறால் உரிக்கிற கம்பெனிக்குப் போயிட்டா. நாள் பூரா ஐஸ்ல கை. விரலெல்லாம் வெளுத்து, நகக்கண்ணுல புண்ணு. சோத்தைப் பெசைஞ்சு திங்க முடியாம ஸ்பூன்ல திங்கறா. மாசா மாசம் இதே நாளு சாயங்காலம் போன் பண்ணுவா. ஒரே வார்த்தைதான். "தெறந்துட்டாங்களா?" ம்ஹூம்னுவேன். சரின்னு வெச்சிடுவா. ஒரு தடவை கூட என்னையக் கோவிச்சிக்கிட்டதில்ல.

இந்த மாசத்தோட சாருக்கு மாத்தல். நாளைக்கு அவரு கடைசி ரிப்போட்டு எழுதணும். அவருக்குப் பதிலு யாரும் வரலையாம். இந்தத் தடவை சதை தேறிடுச்சுன்னா, "போற போக்குல தெறந்து விட்டுட்டுப் போறேன் எத்திராசம்மா"ன்னாரு. தேறலைன்னா ஃபைலைக் கட்டு கட்டி மேல போட்டுடுவாங்க, மறுபடி எடுக்க எத்தனை வருஷமோ.

நீ என்ன படிக்கிறியா, வேலை பாக்குறியா? ஆஸ்பத்திரியிலயா? நர்ஸா? ஓ, ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்றவ! அடி என் ராசாத்தி, அப்ப நம்ம ரெண்டு பேரும் ஒரே தொழிலு! நீ மனுஷன்கிட்ட எடுக்கறே, நான் கழிகிட்ட எடுக்கறேன். நல்லதாப் போச்சு. நீயே சொல்லு. தண்ணி நல்லா இருக்கு, அதுல வாழற மட்டி கெட்டிருக்கு. எப்படி ஆகும் அது? படிச்சவதானே, சொல்லு.

மொத மாசம் மட்டும் எப்படித் தேறுச்சுன்னா கேக்குறே? அது... மொத மாசம் எனக்குப் பெரிய அவமானம்மா. அதைச் சொல்லலையே உனக்கு. அன்னிக்குப் பெட்டியோட லேப்புக்குள்ளயே கூட்டிட்டுப் போனாரு, பாருங்கன்னு. அந்தப் பொண்ணு வெள்ளைத் தட்டு வெச்சு மட்டிய ஒண்ணொண்ணா பொளக்கறா. பொளந்தா உள்ள ஒரே மண்ணு. கருப்பா, சேறா. தட்டு பூரா. "என்ன சார் இவ்வளவு மண்ணு"ங்கறா. சாரு, அப்படித்தான் இருக்கும்மா, இருக்கட்டும்னாரு. எனக்கு உசுரே போயிடுச்சு. மேட்டுக்கழிக்குப்பத்துக்காரி மண்ணோட மட்டி குடுத்தான்னு எங்க மாமியா இருந்திருந்தா நாண்டுக்கிட்டு நின்னிருப்பா. சர்க்கார் எடத்துல, வெள்ளைக் கோட்டு போட்டவங்க முன்னாடி!

அதுலேருந்து நான் அப்படிக் குடுக்கிறதில்ல. மொத நாளே சாயங்காலம் போய் மட்டிய எடுத்துடுவேன். ராவு பூரா ஊற வெச்சு, மண்ணு கக்க வெச்சு, காலையில ஐஸ்ல வெச்சுத்தான் கொண்டு வருவேன். அப்புறம் ஒரு நாளாவது தட்டுல மண்ணு நின்னிருக்குமா? கேளு அந்தப் பொண்ணை. சாருகிட்ட சொல்லல. சொன்னா, உங்களுக்கு எதுக்கு வீண் வேலைம்பாரு. வேலைய வேலையா பாத்தா ஆச்சா? அதான் சொன்னேனே, சொன்னதுக்கு மேல.

என்னம்மா?

எந்தத் தண்ணியிலன்னா? உப்புத் தண்ணியிலதான். நல்ல தண்ணியில போட்டா செத்துடும்ல.

எங்க மொள்றதுன்னா... வீட்டுக்குப் பின்னாடி வாய்க்கால் இருக்கு. கழித் தண்ணிதான் ஏறி வந்து நிக்கும். கழிக்கு அரை மைல் போய்க் குடத்துல தூக்கிட்டு வர முடியுமா? எங்க ஊர்ல அத்தனை பேரும் அதுலதான் ஊற வெக்கிறோம். முப்பது வருஷமா நானே ஊற வெக்கிறேன். ஒண்ணும் ஆனதில்ல.

கக்கூஸ் தண்ணியா? அது... தொட்டி கட்டறதாத்தான் சொன்னாங்க. எங்க ஊர் மணல்ல தோண்டினா ஊத்து வந்துடுச்சு. தொட்டி நிக்கலன்னுட்டு காண்ட்ராக்ட்காரன் பைப்பை நீட்டிப் பின்னாடி விட்டுட்டான். வாய்க்கால்லதான். ஆனா அது அந்தாண்டம்மா. நாங்க மொள்ற படிக்கட்டு இந்தாண்ட. பத்தடி தள்ளி இருக்கும். தண்ணி பாக்க நல்லாத்தான் இருக்கும்.

ஏன் அப்படிப் பாக்குறே?

மட்டி தண்ணி குடிக்குமே, எனக்குத் தெரியாதா. சாரு சொல்லியிருக்காரு. ஒரு மட்டி ஒரு நாளைக்கு ஒரு குடம் தண்ணிய இழுத்து விடும், அதுல இருக்கற அழுக்கையெல்லாம் தனக்குள்ள புடிச்சி வெச்சிக்கும்னு. அதனாலதானே தண்ணி தேறினாலும் சதையையும் பாக்கறோம்னாரு. அதெல்லாம் நானும்...

இரும்மா.

இரு. நீ ஒண்ணும் சொல்லாதே, இரு.

நீ என்ன சொல்ல வர்றே? நான் குடுத்த மட்டியில நானே... நீ சின்னப் பொண்ணு, ஊசி குத்தி ரத்தம் எடுக்கறவ, கழியப் பத்தி உனக்கு என்ன தெரியும்? ஆறு மாவட்டம் பாக்கற மனுஷனுக்கே தெரியல. ஒரு பஸ்ல கேட்டு போட்டிருக்கற நேரத்துல உனக்குத் தெரிஞ்சிடுமா?

கோவிச்சுக்காதே. வாய் அப்படி.

அவருக்கு எப்படித் தெரியும். நான்தான் சொல்லலையே.

மண்ணோட குடுத்தது தேறுச்சு. ஊற வெச்சதெல்லாம் தேறல. பத்து மாசம். ஒவ்வொரு மாசமும் இன்னும் நல்லா ஊறட்டும்னு நேரத்தைக் கூட்டினேம்மா. போன மாசம் ரெண்டு தடவை தண்ணி மாத்தி ஊற வெச்சேன்.

கேளு. இன்னொண்ணு கேளு. கக்கூஸ் வந்தது தை மாசம். தை, மாசி, பங்குனி, சித்திரை. காது குத்து வைகாசி. அந்த வருஷம்தான். முப்பது வருஷமா ஒண்ணும் ஆகலைன்னேனே, முப்பது வருஷமா கக்கூஸ் எங்க இருந்துச்சு? சவுக்குத் தோப்புல இருந்துச்சு. அந்த விருந்துக்கு எங்க வீட்டுலேருந்தும்தான் மட்டி போச்சு. மண்ணு இல்லாம, சுத்தமா.

அந்தப் பையன் இன்னும் கொட்டவே இல்லன்னான். ஒரு அடின்னு சொன்னேன்ல உன்கிட்ட. ஒரு அடி இல்லம்மா. எத்தனைன்னு எனக்கே தெரியாது. கூடை பிஞ்சு போச்சு. காதைப் பொத்திக்கிட்டு கீழ உக்காந்தான், உக்காந்தப்புறமும் அடிச்சேன்.

இந்தப் போன் வேற. அவதான். குணபூசணி. இன்னிக்குக் கடைசின்னு தெரிஞ்சு சாயங்காலம் வரைக்கும் பொறுக்க முடியல போல. ...ஆங், பஸ்ல இருக்கேன்டி. ...கேட்டு. கேட்டு போட்டிருக்கான். ...இல்ல, இன்னும் குடுக்கல. ...சரியா கேக்கல. கேக்கலடி, வெக்கிறேன்.

நல்லாத்தான் கேட்டுச்சு. தெறந்துடுவாங்க பாரு, நேத்து அம்மனுக்குக் கூழு ஊத்தினேன், உம்பேரச் சொல்லித்தான் ஊத்தினேங்கறா. அந்தக் கையோட.

என்ன பண்ணலாம், நீயே சொல்லு. மட்டிப் பையை மட்டும் எடுத்து சன்னல் வழியா வீசிடட்டுமா? பை இல்லன்னா ரிசல்ட்டு இல்ல, ரிசல்ட்டு இல்லன்னா தேறலைன்னுதான் எழுதணும். திரும்பிப் போய் வேற எடுத்துட்டு வரட்டுமா? தண்ணி ஏறிடுச்சு இன்னேரம், கம்பு முழுகியிருக்கும். நாளைக்கு எடுத்தா ரிசல்ட்டு வர்றதுக்குள்ள அவரு ரிப்போட்டை எழுதிட்டுக் கெளம்பிடுவாரு.

அவருகிட்ட சொல்லிடுன்றே. சொன்னா கேப்பாரு. திட்டக்கூட மாட்டாரு, இருமுவாரு. ஒரு மாசம் தள்ளி வெச்சாலும் வெப்பாரு. ஆனா சொன்னா எங்கேருந்து எங்க போகும் தெரியுமா? எந்த வாய்க்கால்னு கேப்பாரு. வந்து பாப்பாரு. அப்ப காது குத்துக்கு வந்தது எந்த மட்டின்னு கேப்பாங்க. கழிய மூடினதே எங்க ஊர்க் கக்கூஸுன்னு எழுதுவாங்க. இருக்கற கக்கூஸைப் பூட்டுவாங்களா? எம்மருமவ ஏழு மாசம் முழுகாம இருக்கா, அவளை மறுபடி சவுக்குத் தோப்புக்கு அனுப்பவா? எண்பது பொம்பளைங்க எம்மூஞ்சிய எப்படிப் பாப்பாளுங்க? குணபூசணிக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? உன் விரலு அழுகினதுக்கு நான் மட்டி ஊறப் போட்ட பக்கெட்டுதான்டி காரணம்னா? புரட்டாசியிலயே தெறந்திருக்க வேண்டியதும்மா. ஒண்ணே ஒண்ணுதானே பாக்கி இருந்துச்சு.

சொல்லலைன்னா? சதை தேறாது. கழி மூடியே கெடக்கும். ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியாது. லாரிக்காரன் பண்ணான்னு போயிடும்.

தெறந்துட்டான். கேட்டைத் தெறந்துட்டான் பாரு. இத்தனை நேரம் தெறடா தெறடான்னு வேண்டினேன். மணி என்ன? மூணு கூட ஆகலையா? அப்ப நேரத்துக்குப் போயிடுவோமே. ஐஸ் கூட கரையல. தொட்டுப் பாரு, பெட்டி சில்லுனு இருக்கு. இவ்வளவு சீக்கிரமா நான் என்னிக்குமே போனதில்லம்மா.

நீ எங்க எறங்கறே? பஸ் ஸ்டாண்டா? எனக்கு அதுக்கு முந்தின ஸ்டாப்பு. கொஞ்சம் கூட எறங்கி வர்றியாம்மா? ரெண்டு நிமிஷம். நீ படிச்ச வார்த்தையில சொன்னா... வேணாம். வேணாம், உனக்கு டியூட்டிக்கு நேரமாகும். நீ யாரோ, நான் யாரோ.

இதோ தண்ணித் தொட்டி வந்துடுச்சு. அடுத்தது நம்ம ஸ்டாப்புதான். கண்டக்டரு குரல் குடுக்கறான் பாரு, "சாம்பிள் அம்மா, எறங்கு"ன்னு. இப்ப மரியாதை குடுக்கறான்.

அதோ நிக்கிறாரு. வேப்ப மரத்துக்கிட்ட, ஸ்கூட்டர் பக்கத்துல, ஒல்லியா. தெரியுதா? கையில பாரு, ரெண்டு டம்ளர். கடைசி நாள்னுட்டு எனக்கும் சேத்து டீ வாங்கி வெச்சிருக்காரு. நம்ம பஸ்ஸைப் பாத்துட்டாரு. சிரிக்கிறாரு.

இந்தப் பெட்டிய ஒரு கை புடிச்சுத் தூக்கி விடும்மா. காலெல்லாம் மரத்துப் போச்சு. இப்ப கிட்ட வந்து, பெட்டிய வாங்கறதுக்கு முன்ன அவரு கேப்பாரு. எப்பவும் கேக்கற அதே கேள்விதான்.